கதையைப் பதிவு செய்ய 500 ரூபாய்: டெல்லி பதிப்புரிமைச் சேவை எழுத்தாளருக்கு எவ்வளவு உதவும்?

வடபழனி, சாலிகிராமம் பக்கம் கதையோடு அலைபவர்களிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது "ரிஜிஸ்டர் பண்ணிட்டியாப்பா?" என்பதுதான். எங்கே, எதை, எந்த வடிவத்தில் என்று அதற்கு மேல் யாரும் விளக்குவதில்லை. சினிமாவுக்கும் சீரியலுக்கும் எழுதுபவர்களின் கண்ணோட்டத்தில், இந்தியப் பதிப்புரிமை அலுவலகத்தின் ஆன்லைன் பதிவுச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். கட்டணத்துக்கு முழு மதிப்பெண், வேகத்துக்குப் பாதி. மீதி போவது, இந்தச் சான்றிதழ் செய்யாத வேலையைச் செய்யும் என்று நம்பிவிடுவதால் வரும் இழப்புக்காக. அதில் அலுவலகத்தின் தவறு எதுவும் இல்லை.

முதலில் பெயர்க் குழப்பம். பேச்சில் எல்லோரும் 'காப்புரிமை' என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட். கதை, வசனம், பாட்டு எல்லாம் பதிப்புரிமைக்குள் வருபவை. சென்னை கிண்டியில் இருக்கும் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்துக்கு ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. அங்கே பேட்டன்ட், டிரேட்மார்க் போன்றவைதான். பதிப்புரிமைப் பதிவுக்கு நாடு முழுவதுக்கும் ஒரே அலுவலகம், டெல்லி துவாரகாவில். ஆன்லைனில் விண்ணப்பிக்க முடிவதால் அந்தத் தூரம் இப்போது பெரிய பிரச்சினையும் இல்லை.

இந்தப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, அவர் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். பிறகு எதற்கு 500 ரூபாய்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, பதிவேட்டில் உள்ள விவரங்களை முதல் நோக்கிலான சான்றாக ஏற்கச் சொல்கிறது. அதாவது, இந்தப் பிரதி இன்னாருடையது, இந்தத் தேதியில் இருந்தது என்பதை நீங்கள் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டாம். தவறு என்று காட்டும் பாரம் எதிராளியின் தலையில் விழும். காசு கொடுத்து வாங்குவது அதை மட்டும்தான்.

எதைப் பதிவது

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒன்லைனை, அதாவது கதைச் சுருக்கத்தை, ஒரு பக்கத்தில் எழுதிப் பதிந்துவிட்டு, 'நாட்' என்கிற மையக் கரு பத்திரமாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள். சட்டம் அந்தக் கருவைக் காப்பதில்லை. 1978இல் ஆர். ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருத்து, கரு, வரலாற்று நிகழ்வு இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. இரண்டு படைப்புகளையும் பார்த்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயத்துக்கு இடமில்லாமல் எழ வேண்டும். அந்த வழக்கில் மேடை நாடகத்தை எழுதியவர் தோற்றார். கரு ஒன்றாக இருந்தும், படம் அதைக் கையாண்ட விதம் வேறு என்றது நீதிமன்றம்.

உதாரணத்துக்கு: ஊரைவிட்டு ஓடிய அண்ணன், 20 வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்தன்று பந்தியில் வந்து உட்காருகிறான். இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அவனை முதலில் அடையாளம் காண்பவர் சமையல்காரர், அவர் அதை மறைப்பது பழைய நகைக்கடனுக்காக, தங்கைக்கு உண்மை தெரிவது மொய் நோட்டில் இருக்கும் கையெழுத்தால், அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள் என்று நீங்கள் கோத்து எழுதும்போது அது உங்களுடையதாகத் தொடங்குகிறது. இன்னொருவர் கதையில் சமையல்காரர், நகைக்கடன், மொய் நோட்டு மூன்றும் அதே வரிசையில் வந்தால் வழக்கறிஞருக்குப் பிடிமானம் கிடைக்கும். அண்ணன் வந்தான் என்பது மட்டும் வந்தால் கிடைக்காது.

எனவே குறைந்தபட்சம் 20 பக்க டிரீட்மென்டும் (கதையை விரிவாகச் சொல்லும் எழுத்து) முழு சீன் ஆர்டரும் (காட்சி வரிசை) இருக்கட்டும். வசனத்தோடு கூடிய பவுண்ட் ஸ்கிரிப்ட் இருந்தால் அதுவே சிறந்தது. 120 பக்கமோ ஒரு பக்கமோ, ஒரு படைப்புக்குக் கட்டணம் அதே 500 ரூபாய்தான். பக்கத்தைக் குறைத்து எழுத்தாளருக்கு எந்த மிச்சமும் இல்லை.

வெளியாகாத படைப்பு என்றால் முழுப் பிரதிக்குப் பதிலாகச் சில பகுதிகளை மட்டும் அனுப்பவும் அலுவலகம் அனுமதிக்கிறது. ரகசியத்துக்குப் பயந்து இந்த வழியைத் தேர்ந்தால், நாளை கோர்ட்டில் உங்கள் கையில் இருப்பதும் அந்தப் பகுதிகள் மட்டும்தான். நோய்க்கு அஞ்சி மருந்தையே பாதி குடிப்பது போல அது.

தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. 2015இல் கிருஷிகா லுல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. தலைப்பைப் பதிவது தயாரிப்பாளர் சங்கங்களும் வர்த்தக சபையும் வைத்திருக்கும் தனி ஏற்பாடு. அதை எழுத்தாளர் செய்ய முடியாது, தயாரிப்பாளர்தான் செய்ய வேண்டும்.

விண்ணப்பம் நடக்கும் விதம்

தளத்தில் கணக்குத் தொடங்கி உள்ளே போனால் படிவம் 14 வரும். அதோடு இணைந்தது விவரப் பட்டியல், அதன் பின்னால் கூடுதல் விவரப் பட்டியல். பிறகு கட்டணம், பிரதியைப் பதிவேற்றுவது. படைப்பின் வகையாக இலக்கிய, நாடகப் படைப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சினிமாட்டோகிராஃப் ஃபிலிம்' என்பதைப் பார்த்ததும் சினிமா என்று அதை அழுத்துபவர்கள் உண்டு. அது எடுத்து முடித்த படத்துக்கானது, கட்டணமும் 5,000 ரூபாய். ஸ்கிரிப்டுக்கு அது பொருந்தாது.

விவரப் பட்டியலில் யோசித்து நிரப்ப வேண்டிய இடங்கள் சில உண்டு. விண்ணப்பதாரருக்குப் படைப்பில் என்ன உரிமை என்ற கட்டத்தில், நீங்களே எழுதியிருந்தால் 'ஆசிரியர்' என்று போட வேண்டும். இன்னொருவர் எழுதியதை நிறுவனத்தின் பெயரில் பதிவதானால் எழுதியவரின் தடையில்லாச் சான்று வேண்டும். மொழி என்ற கட்டத்தில் தமிழ். பிரதி தமிழில் இருப்பதற்குத் தடையில்லை, படிவத்தை மட்டும் ஆங்கிலத்தில் நிரப்பிவிடுங்கள். வெளியானதா, வெளியாகாததா என்ற கட்டத்தில் பலர் தடுமாறுவார்கள். தயாரிப்பாளரிடம் கதை சொன்னதெல்லாம் வெளியீடு ஆகாது. பத்திரிகையில் தொடராக வந்திருந்தால் ஆண்டும் நாடும் பதிப்பாளரும் சேர்த்து எழுத வேண்டும்.

கூடுதல் விவரப் பட்டியலில், இது மூலப் படைப்பா, மொழிபெயர்ப்பா, தழுவலா என்று கேட்கும். நாவலையோ வேறு மொழிப் படத்தையோ தழுவி எழுதியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். மூலத்தின் பெயரும் அனுமதி பெற்ற விவரமும் இல்லாமல் 'மூலப் படைப்பு' என்று போட்டால், பின்னால் சான்றிதழே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பணம் கட்டிய உடனே டைரி எண் வரும். இலக்கியப் படைப்பு என்றால் எண்ணின் கடைசியில் 'எல்' என்ற எழுத்து இருக்கும். அந்த ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து, பதிவேற்றிய அதே பிடிஎஃப்புடன் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வரச் சில மாதங்கள் ஆகலாம், கதை சொல்லக் கூப்பிடுவது நாளைக்கே இருக்கலாம். விண்ணப்பித்த நாளைக் காட்ட இப்போதைக்கு அந்தச் சீட்டுதான் கையில் இருக்கும்.

அதன்பின் 30 நாள் ஆட்சேபனைக் காத்திருப்பு. இதைக் குறைக்க வழியில்லை, கூடுதல் பணம் கட்டி வேகப்படுத்தும் ஏற்பாடும் இல்லை. ஆட்சேபனை வராவிட்டால் பரிசோதகர் பிரதியையும் படிவத்தையும் பார்ப்பார். குறை இருந்தால் கடிதம் வரும், குறித்த கெடுவுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், கட்டிய பணமும் திரும்பாது. அந்தக் கடிதம் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியில் கிடப்பது சாதாரணமாக நடக்கும். டைரி எண்ணை வைத்துத் தளத்திலேயே நிலவரம் பார்க்கலாம். வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கே சிக்கும்

பெரும்பாலான குறைக் கடிதங்கள் கதையைப் பற்றியவை அல்ல, பெயரைப் பற்றியவை. தமிழர்களின் இனிஷியல் இதில் முதல் எதிரி. பான் அட்டையில் அப்பா பெயர் பின்னால் விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் புனைப்பெயர் மட்டும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டையில் உள்ள பெயரைப் படிவத்தில் போட்டு, 'என்கிற' என்று புனைப்பெயரைச் சேருங்கள். ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலும் அதேபோல். புனைப்பெயரில் மட்டும் வெளியாகி, ஆசிரியர் யாரென்று தெரியாமலே இருந்தால், உரிமைக்காலம் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்பது போய், வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று சுருங்கிவிடும். எனவே இது வெறும் சம்பிரதாயம் இல்லை.

அடுத்தது தலைப்பின் ஆங்கில எழுத்துக்கூட்டல். 'த'வுக்கு ஓரிடத்தில் 'டி', 'ஹெச்' இரண்டும், இன்னோரிடத்தில் 'டி' மட்டும் என்று இருந்தால் இரண்டும் வேறு தலைப்பாகிவிடும். ஒரு எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து படிவம், கடிதம், கோப்புப் பெயர் எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். புதிய விண்ணப்பங்களின் பட்டியல் பொதுவில் வருவதால், நல்ல தலைப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டு தற்காலிகத் தலைப்பில் பதிவதும் புத்திசாலித்தனம்.

பழைய பாமினி வகை எழுத்துருவில் தட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்க்காமல் (எம்பெட் செய்யாமல்) பிடிஎஃப் ஆக்கினால், வேறு கணினியில் திறக்கும்போது பக்கம் முழுவதும் பொருளற்ற எழுத்துகளாகத் தெரியும். பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் திறக்கும்போதும் அப்படித்தான். யூனிகோடுக்கு மாற்றி, ஏற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் பக்க எண்ணும் கையொப்பமும் இருக்கட்டும்.

கதை விவாதத்தில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் நால்வருமே ஆசிரியர்களா? பேசியதால் மட்டும் யாரும் ஆசிரியர் ஆவதில்லை, எழுத்தில் பிரிக்க முடியாதபடி பங்களித்திருந்தால்தான் கூட்டாசிரியர். இந்த எல்லையைப் பின்னால் நினைவிலிருந்து யாராலும் வரைய முடியாது. விவாதம் முடிந்த அன்று இரவே, யார் எந்த சீனை எழுதப் போகிறார் என்று நால்வருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

இடைத்தரகர்கள் இதே வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். ஒரு பிற்பகலில் நீங்களே முடிக்கக்கூடிய படிவம் இது. கூட்டாசிரியர், தழுவல், இறந்த ஆசிரியரின் வாரிசு போன்ற சிக்கல் இருந்தால் மட்டும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் தகும்.

சங்கத்தில் பதிவது, தபால், மின்னஞ்சல்

சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம், மும்பையில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன் இரண்டும் உறுப்பினர்களின் கதையைப் பதிந்துகொள்கின்றன. இவை அரசுப் பதிவேடு அல்ல, 48ஆவது பிரிவின் பலன் கிடைக்காது. ஆனால் டெல்லி அலுவலகத்தால் முடியாத ஒன்றைச் சங்கத்தால் செய்ய முடியும்: இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு கதையையும் படிப்பது. 2018இல் 'சர்கார்' விவகாரத்தில் நடந்தது அதுதான். வருண் ராஜேந்திரன் 2007இல் 'செங்கோல்' என்ற பெயரில் சங்கத்தில் பதிந்திருந்த கதையோடு ஒற்றுமை இருப்பதாக அப்போதைய தலைவர் கே. பாக்யராஜ் தரப்பு சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் வருண் பெயருக்கு ஒரு டைட்டில் கார்டு வந்தது. வெளியீட்டுக்குச் சில நாட்களே இருந்ததும் அந்தச் சமரசத்துக்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. வெளியீட்டுத் தேதி நெருங்கும்போதுதான் எழுத்தாளரின் பேரம் பேசும் வலு உச்சத்தில் இருக்கும். ஆனால் ட்ரெய்லர் வந்து மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, கடைசி வாரத்தில் தடை கேட்டுப் போனால் அந்தத் தாமதத்தையே நீதிமன்றம் குறையாகப் பார்க்கும்.

மறுபக்கம் 'எந்திரன்' வழக்கு: அந்தப் படம் தன் கதையின் நகல் என்று எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன் தொடுத்தது. அவருடைய 'ஜுகிபா' கதை 1996இல் 'இனிய உதயம்' இதழில் அச்சாகியிருந்தது. அச்சான தேதியைவிட வலுவான தேதிச் சான்று என்ன வேண்டும்? படம் வந்தது 2010இல். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உரிமையியல் வழக்கைத் தள்ளுபடி செய்தது 2023இல். தேதியை நிறுவுவது வேறு, நகல் என்று நிறுவுவது வேறு என்பதற்கு இதைவிட நீண்ட பாடம் தமிழில் இல்லை.

தனக்குத் தானே தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைப்பது இன்னும் ஊரில் ஓடும் ஆலோசனை. ஒட்டாத உறையையும் தபாலில் அனுப்பிப் பிறகு நிரப்பலாம் என்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத் தெரியாதா? அதை விட்டுவிடலாம். மின்னஞ்சல் தடம் அதைவிட எவ்வளவோ மேல். முக்கியமாக, கதை சொன்ன அன்றே அந்த நிறுவனத்துக்கு அனுப்பும் இரண்டு வரி: "இன்று காலை 11 மணிக்கு இந்தத் தலைப்பில், இந்த டைரி எண் உள்ள கதையைச் சொன்னேன், சினாப்சிஸ் இணைத்துள்ளேன்." நகல் வழக்குகளில் தேதிக்கு அடுத்தபடி தேவைப்படுவது, எதிராளிக்கு உங்கள் பிரதியை அணுக வாய்ப்பு இருந்தது என்ற சான்று. அதைப் பதிவுச் சான்றிதழ் தராது, இந்த மின்னஞ்சல் தரும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கு ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கூடிய சான்று இணைக்க வேண்டும். எனவே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மூல மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

வழக்கு என்று வந்தால் சென்னைக்கோ மும்பைக்கோ ஓட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு, எழுத்தாளர் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வழி தருகிறது. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். குற்ற வழக்கானால் அதே சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம்.

சீரியல் எழுத்தாளருக்கு

இந்தச் சேவை சினிமா ஸ்கிரிப்டை மனதில் வைத்தால் நன்றாகவே பொருந்தும். தினசரித் தொடருக்கு வந்தால் திணறும். வாரம் ஆறு எபிசோடு, காலையில் வசனம் போய் மதியம் ஷூட். ஒவ்வொரு எபிசோடையும் 500 ரூபாய் கட்டிப் பதிவது நடக்காத காரியம். சேனலுக்குக் கொண்டுபோகும் முன்பே கான்செப்ட் குறிப்பு, பாத்திரங்களின் பின்னணி, முதல் 50 எபிசோடின் சுருக்கம், முதல் எபிசோடின் முழு வசனம் எல்லாவற்றையும் ஒரே பிரதியாகக் கட்டி, ஒரே படைப்பாகப் பதிந்துவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கதையை ஒரே விண்ணப்பத்தில் திணிக்கக் கூடாது. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு படைப்புதான்.

கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டிலில் மூன்று பெயர் வருவது சீரியலின் வழக்கம். தெலுங்கிலிருந்தோ கன்னடத்திலிருந்தோ ரீமேக் ஆகி வரும் தொடரில் கதை உங்களுடையது இல்லை, வசனம் உங்களுடையது. வசனமும் இலக்கியப் படைப்புதான். அதில் உரிமை கோர முடியும், நீங்கள் அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதவரை.

அந்த எழுதிக் கொடுத்தலில்தான் பெரும்பாலானோர் கதையை இழக்கிறார்கள், திருட்டில் இல்லை. அட்வான்ஸ் செக்கோடு வரும் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் பக்கத்தில் வையுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை தானாகவே காலாவதியாகும். இதைச் சொல்வது உட்பிரிவு 19(4). ஆகவேதான் தயாரிப்பு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', '19(4) பொருந்தாது' என்ற மூன்றும் தவறாமல் வரும். முதல் இரண்டை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும், மூன்றாவதை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைந்தது 'மூன்று ஆண்டுக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை திரும்பும்' என்றாவது மாற்றச் சொல்லுங்கள். அலமாரியில் தூங்கும் கதைகளை மீட்க இருக்கும் ஒரே சாவி அது.

2012 திருத்தத்துக்குப் பின் 18ஆவது பிரிவில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. படத்தில் சேர்ந்த எழுத்து, திரையரங்கில் அந்தப் படத்தோடு காட்டப்படுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்குக் கிடைக்கும் ராயல்டியில் எழுத்தாளருக்குச் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக நீங்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. பாடலாசிரியர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கிய அளவுக்குத் திரைக்கதை எழுதுபவர்கள் இன்னும் தொடங்கவில்லை.

படம் வெளிவந்த பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். வெளியாகாத படைப்பு என்று பதிந்தது இப்போது வெளியாகிவிட்டது, முகவரியும் மாறியிருக்கலாம். படிவம் 15இல் விண்ணப்பித்துப் பதிவேட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். ஷூட்டிங்கின்போது மாறிய கிளைமாக்ஸ் அந்தப் பழைய பிரதியில் இருக்காது. அதையும் பதிய வேண்டுமானால் இறுதி ஸ்கிரிப்டைத் தனிப் படைப்பாக, இன்னொரு 500 ரூபாய் கட்டித்தான் பதிய முடியும்.